எண்ணாமல் விட்ட 23 கட்டுரைகள்: பேராசிரியர் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார் என்று பதிவுசெய்யும் எங்கள் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவை 19 ஆண்டுகளாக நடத்திவரும் மருத்துவருக்குப் பேராசிரியர் பதவி உயர்வு இல்லை என்று நீங்கள் எடுத்த முடிவை ஏற்க முடியாமல் இந்த மடலை எழுதுகிறேன். முடிவுக்குக் காரணமாக நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: வெளியீட்டுச் சாதனையும் ஆய்வுத் தாக்கமும் போதுமானதாக இல்லை. நான் அந்தப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் புள்ளியியலாளராக வேலை செய்கிறவன். அவருடைய கட்டுரைகளில் பலவற்றுக்குக் கணக்குப் போட்டவன் என்ற முறையில், அந்த ஒரு வரி தவறு என்பது எனக்குத் தெரியும். எப்படித் தவறு என்று சொல்லாமல் இருப்பது சரியில்லை என்றும் படுகிறது. அவரிடம் தெரிவித்துவிட்டே எழுதுகிறேன். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். யாரைப் பற்றிய மடல் இது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் கணக்குப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் தம் மதிப்பெண் தாளின் நகலைக் கேட்டுப் பெற்றார். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தின்படி 38 கட்டுரைகள், ஹெச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எண்) 11, தேவையான குறைந்தபட்சம் 15 என்று அதில் இருக்கிறது. அவர் எழுதிய கட்டுரைகள் 61. மீதி 23 எங்கே போயின என்று தேடினேன். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டன. திருமணத்துக்கு முன் எழுதிய கட்டுரைகளில், வெளிநாட்டு ஆய்விதழ்கள் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்டதால், தம் இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரைக் கொடுத்திருக்கிறார். பிறகு கடவுச்சீட்டில் கணவரின் பெயர் ஏறியது. அதற்குப் பின் வந்த கட்டுரைகள் எல்லாம் அந்தப் பெயரில் இருக்கின்றன. ஸ்கோப்பஸ் இந்த இரண்டு பெயர்களையும் இரண்டு ஆட்களாக வைத்திருக்கிறது. நீங்கள் ஒருவரை மட்டும் எண்ணிவிட்டு மற்றவரை விட்டுவிட்டீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 16. உங்கள் சொந்த விதியின்படியே அவர் தகுதி பெற்றிருக்க வேண்டியவர்.

நேர்காணலுக்கு முன் அந்தத் தாளை அவரிடம் ஒருமுறை காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் இது சரியாகியிருக்கும். காட்டும் வழக்கம் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நம் ஊரில், திருமணத்தால் இனிஷியல் மாறும் பெண் ஆய்வாளர்கள் எத்தனை பேருக்கு இப்படிப் பாதிக் கணக்கு போடப்பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிழை என்னை இவ்வளவு பாதித்ததற்குக் காரணம் உண்டு. பதிவேட்டில் எங்கள் அன்றாட வேலையே இதுதான். ஒருவரை இருவராக எண்ணிவிடாமலும், இருவரை ஒருவராகச் சேர்த்துவிடாமலும் பார்த்துக்கொள்வதைத்தான் அவர் 19 ஆண்டுகளாகச் செய்துவருகிறார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்ததைச் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மேசையில் மூன்று தாள்கள் இருந்தன. எங்கள் மருத்துவமனைக் கோப்பில் ச. முத்துலட்சுமி, வயது 45. ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் திசுப் பரிசோதனை அறிக்கையில் மு. முத்துலெட்சுமி, வயது 48. இறப்புப் பதிவேட்டிலிருந்து எங்கள் களப்பணியாளர் எழுதிவந்த குறிப்பில் லட்சுமி, வயது 50, இறப்புக்குக் காரணம் மாரடைப்பு. கணினி மூவரையும் மூன்று பேராகவே காட்டியது. அவர் மூன்று தாள்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். முதல் இரண்டிலும் இடது மார்பகம் என்று இருந்தது. மூன்று முகவரிகளிலும் தெருப் பெயர் வேறு வேறாக இருந்தாலும், மாரியம்மன் கோயில் பின்புறம் என்ற குறிப்பு மட்டும் பொதுவாக இருந்தது. அதை வைத்து முடிவு செய்துவிட அவர் ஒப்பவில்லை. களப்பணியாளரை அந்த வீட்டுக்கே அனுப்பினார். மறுவாரம் களப்பணியாளர் குடும்ப அட்டையின் நகலோடும், மகள் சொன்ன சிகிச்சைத் தேதிகளோடும் திரும்பிவந்தார். மூன்றும் ஒரே பெண். அதன் பிறகுதான் அது ஒரு பதிவாக ஏறியது.

மூன்றாகவே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைப் புள்ளியியலாளனாகச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயாளர் கணக்கில் ஒன்று கூடியிருக்கும்; ஒரு மரணம் கணக்கில் வராமலே போயிருக்கும்; இறந்துவிட்ட அந்தப் பெண் எங்கள் ஏடுகளில் இன்னும் உயிரோடு இருந்து, ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதத்தைப் பொய்யாக உயர்த்திக்கொண்டிருப்பார். இப்படிச் சில நூறு பிழைகள் சேர்ந்தால், சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று அரசு நம்பிவிடும். பதிவேட்டின் தரத்தை உலகம் முழுவதும் அளக்கும் அளவுகோல்கள் தெளிவாகவே இருக்கின்றன: நுண்ணோக்கிப் பரிசோதனையால் உறுதியானவை எத்தனை சதவீதம், இறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துப் பதிவானவை எத்தனை சதவீதம், வயதோ உறுப்போ தெரியாதவை எத்தனை. நேர்காணலில் இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்கவில்லை என்று அவர் சொன்னார்.

இந்த வேலைக்கு ஆய்வு மதிப்பு உண்டா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு இருப்பதாக அறிகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 டிசம்பரில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 1982 ஜனவரி முதல் சென்னை, மும்பை, பெங்களூரு நகரங்களில் மக்கள்தொகை சார்ந்த (ஒரு பகுதியில் வாழும் எல்லோரையும் கணக்கில் கொள்ளும்) பதிவேடுகளை நடத்தத் தொடங்கியது. 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்ததும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தியதும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இயங்கும் பதிவேட்டால்தான் நமக்குத் தெரியவந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வை நீங்கள் அறிவீர்கள். அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துக் கருப்பைவாயைச் சோதிக்கும் எளிய முறையில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதித்தார்கள். சோதனை வாய்ப்பு தரப்பட்ட குழுவில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் லான்செட் இதழில் வெளியானது. அந்த 25-ஐயும் 35-ஐயும் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் நடந்த புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து. ஊர் ஊராகப் போய் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று எழுதியவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையே இல்லை.

உங்கள் மதிப்பெண் தாளில் ஒரு பத்தி, கட்டுரை வெளியான இதழ்களின் தாக்கக் காரணியை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கையை, கூட்டிக் காட்டுகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் சிஏ என்ற ஆய்விதழின் தாக்கக் காரணி 2020-ஆம் ஆண்டுக்கு 500-ஐத் தாண்டியது; அதே ஆண்டில் லான்செட்டின் எண் 100-ஐக்கூட எட்டவில்லை. சிஏ இதழை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனவற்றில் முக்கியமானவை, அமெரிக்காவின் ஆண்டுப் புற்றுநோய்ப் புள்ளிவிவரமும் உலகப் புற்றுநோய் மதிப்பீடான குளோபோகான் கட்டுரைகளும். புற்றுநோயைப் பற்றி எழுதும் ஏறக்குறைய எல்லோரும் முதல் பத்தியிலேயே அவற்றை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் நிறுவனத்தில் இந்த ஆண்டு பதவி உயர்வு பெற்றவர்களின் கட்டுரைகளிலும் அந்த மேற்கோளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மதிப்பீட்டில் இந்தியாவுக்கான எண் நம் நாட்டுப் பதிவேடுகளிலிருந்து போகிறது. அதைத் திரட்டி அனுப்பியவர்களின் பெயர் அந்த மேற்கோளில் இல்லை. ஆகவே உங்கள் கணக்கிலும் இல்லை.

ஹெச்-இண்டெக்ஸ் எதை அளக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்தது 15 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 15 இருந்தால் எண் 15. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. அதனால் மோசமான பக்கவிளைவுகள் நேரக்கூடும் என்று 2020-இல் அவரே எழுதினார். இது ஒருபோதும் குறைவதில்லை. 40 ஆசிரியர்களில் ஒருவராக இருந்தாலும், தனியாக எழுதினாலும் ஒரே மதிப்பு. ஒரே ஆளுக்கு ஸ்கோப்பஸில் ஒரு எண்ணும், கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் அதைவிடப் பெரிய எண்ணும் வரும். மூலக்கூறு உயிரியலில் ஒரு கட்டுரைக்குச் சேரும் மேற்கோள்கள் மாவட்ட அளவிலான நோய்ப்பரவல் ஆய்வுக்கு எந்தக் காலத்திலும் சேராது. ஏனென்றால் அதைப் படித்துப் பயன்படுத்துகிறவர்கள் மாவட்டச் சுகாதார அலுவலரும், கதிரியக்க சிகிச்சைப் பிரிவும், திட்டம் வகுக்கும் அதிகாரியும். அவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 ஆசிரியர் தகுதி விதிகள் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ (கட்டுரை குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாளர்) இருக்க வேண்டும் என்று கேட்டன. ஹெச்-இண்டெக்ஸ் 15 என்ற வாசலை அவை வைக்கவில்லை. அது நீங்கள் வைத்தது. ஆகவே அதை எடுக்கும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது.

தாக்கம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியிருப்பதால், நான் கண்ணால் பார்த்த தாக்கம் ஒன்றை விவரிக்க அனுமதியுங்கள். 2014-இல் பதிவேட்டுத் தரவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாவட்டத்தின் தென்கோடி ஒன்றியங்களிலிருந்து வந்த கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் கதிரியக்க சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுவதை அவர் கவனித்தார். ஐந்து வாரம் தினமும் வர வேண்டிய சிகிச்சை அது; உள்கதிர்ச் சிகிச்சையையும் சேர்த்து மொத்தம் எட்டு வாரத்துக்குள் முடித்தால்தான் முழுப் பலன். நான் அதை வயது, நோய் நிலை, படிப்பு என்று பலவாறு பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கிளம்பி அந்த ஊர்களுக்கே போனார். நானும் கூடப் போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சிகிச்சையை நிறுத்திய ஓர் அம்மா சொன்னார்: "ஊசிக்கும் கரண்டுக்கும் காசு கேக்கலம்மா. காலைல பஸ்ஸ விட்டா ராத்திரிதான் வீடு. நான் வேலைக்குப் போகலன்னா அடுப்பு எரியாது." எங்கள் பக்கத்தில் கதிர்ச் சிகிச்சைக்குப் பெயரே கரண்டு வைப்பதுதான். இரண்டு பேருந்து மாறி, ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம். சிகிச்சை இலவசம், விடுபட்ட கூலிக்கு எந்தத் திட்டமும் இல்லை.

திரும்பிவந்து அவர் எழுதிய கட்டுரை இந்தியாவில் வெளிவரும் ஒரு சிறிய ஆய்விதழில் வந்தது. அதற்கு இதுவரை கிடைத்த மேற்கோள்கள் நான்கு. ஆனால் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அவர் மருத்துவமனை நிர்வாகத்திடம் ஓராண்டு போராடியதில், பயன்படாமல் கிடந்த பழைய செவிலியர் விடுதியின் கீழ்த்தளம் தொலைதூர நோயாளிகள் தங்கும் இடமானது. தென்கோடி ஊர்க்காரர்களுக்குக் காலை பதினோரு மணிக்கு மேல் சிகிச்சை நேரம் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் பதிவுகளில் பாதியில் நின்றவர்கள் தெளிவாகக் குறைந்திருப்பதை நானே கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அட்டவணை அவர் விண்ணப்பத்தின் ஏழாம் இணைப்பில் இருக்கிறது. மதிப்பெண் தாளில் ஏழாம் இணைப்புக்கு நேரே ஒரு கோடு மட்டுமே போடப்பட்டிருக்கிறது.

மேற்கோள் எண்ணிக்கை நல்ல ஆய்வைத் தானே அடையாளம் காட்டிவிடும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். புற்றுநோய் ஆய்வின் அண்மை வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் அனில் பொட்டி எழுதிய கட்டுரைகள் 2006-இல் நேச்சர் மெடிசின், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் போன்ற உச்சிப் பத்திரிகைகளில் வந்தன; எந்த நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை மரபணுத் தரவிலிருந்து சொல்லிவிடலாம் என்றன; 2007-இல் நோயாளிகள் மீதே பரிசோதனை தொடங்கிவிட்டது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அந்தத் தரவுகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்து, பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் போயிருப்பதையும், மருந்து கேட்டது எது கேட்காதது எது என்ற குறியீடே சில இடங்களில் தலைகீழாக இருப்பதையும் கண்டார்கள். அவர்களுடைய விரிவான கட்டுரை 2009-இல் ஒரு புள்ளியியல் இதழில் வெளிவந்தது. பிறகு பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2015-இல் அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் பொட்டி முறைகேடு செய்ததை உறுதி செய்தது. 2008-இல் பொட்டியும் பேகர்லியும் உங்கள் முன் வந்து நின்றிருந்தால் உங்கள் மதிப்பெண் தாள் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கும்?

இது தனி ஒருவரின் முறைகேட்டோடு முடிவதும் இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புற்றுநோய்த் துறையில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று 2012-இல் நேச்சர் இதழில் பதிவாகியிருக்கிறது. அவை பரவலாக மேற்கோள் காட்டப்பட்டவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய குழு உருவாக்கிய அமினோப்டெரின் மருந்தால்தான், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் உலகுக்குக் காட்டினார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவின் பெயர் இல்லை.

இதையெல்லாம் உலகம் உணர்ந்து நெடுநாளாயிற்று. இதழின் தாக்கக் காரணியை ஓர் ஆய்வாளரின் பணியமர்த்தலுக்கோ பதவி உயர்வுக்கோ அளவுகோலாக வைக்கக்கூடாது என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை 2012 டிசம்பரில் உருவாகி 2013-இல் வெளியானது. எண்கள் துறை வல்லுநரின் மதிப்பீட்டுக்குத் துணையாக இருக்கலாமே தவிர, அதன் இடத்தில் உட்காரக்கூடாது என்று 2015-இன் லைடன் அறிக்கை தன் முதல் கோட்பாடாகவே வைத்தது. உங்கள் குழுவில் நோய்ப்பரவலியல் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை. அவருடைய 61 கட்டுரைகளில் ஒன்றையாவது யாரேனும் முழுதாகப் படித்ததற்கான குறிப்பு மதிப்பெண் தாளில் எங்கும் காணோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அவருடைய விண்ணப்பத்தை இந்த நிதியாண்டு முடிவதற்குள் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டு பெயர்களில் உள்ள கட்டுரைகளையும் ஒன்றாகச் சேர்த்து, திருத்திய மதிப்பெண் தாளை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டு ஸ்கோப்பஸ் கணக்குகளின் விவரத்தையும், 23 கட்டுரைகளின் பட்டியலையும் பதிவு அஞ்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அந்த மறுபரிசீலனையில், மக்கள்தொகை சார்ந்த பதிவேட்டில் பணியாற்றிய அனுபவமுள்ள வெளி வல்லுநர்கள் இருவராவது இருக்க வேண்டும்.

எண்ணைத் திருத்திவிட்டு 16 ஆகிவிட்டது, வாசலைத் தாண்டிவிட்டார் என்று அவருக்குப் பதவி கொடுத்து, வாசலை அப்படியே விட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதை அவரே என்னிடம் வற்புறுத்திச் சொன்னார். அடுத்து வரப்போகிறவர்களுக்கு ஹெச்-இண்டெக்ஸையும் தாக்கக் காரணிக் கூட்டுத்தொகையையும் தகுதி வரம்பாக வைப்பதைக் கைவிடுங்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தம் ஆய்வுகளில் ஐந்தை மட்டும் கொடுத்து, அதில் தம் பங்கு என்ன, அதனால் மாறியது என்ன என்று ஒரு பக்கம் எழுதட்டும். அந்த ஐந்தையும் அந்தந்தத் துறை அறிந்தவர்கள் படித்துக் கருத்து எழுதட்டும். பதிவேட்டு அறிக்கைகளையும், பிறர் ஆய்வுக்குத் தரவு வழங்கியதையும் ஆய்வுப் பணியாக விதியிலேயே சேருங்கள். மதிப்பெண் தாளை நேர்காணலுக்குப் பதினைந்து நாள் முன்பே விண்ணப்பதாரருக்குக் காட்டி, பிழை இருந்தால் திருத்த வாய்ப்புக் கொடுங்கள். பெயரோ இனிஷியலோ மாறியவர்கள் தம் எல்லாப் பெயர்களையும் குறிப்பிட விண்ணப்பப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் இருக்கின்றன. இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். ஏழாம் இணைப்பை யார் படித்தார்கள், என்ன கருதினார்கள் என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவின் புள்ளியியலாளர்